தனியாகச் சாப்பிடும் காக்கா

விம்பிள்டனுக்குக் குடிவந்த வருஷம், எனக்கு இயற்கை ஆர்வலராகும் ஆசை வந்தது. காரணம் இரண்டு. நடக்கிற தூரத்தில் விம்பிள்டன் காமன். பக்கத்துப் புட்னியோடு சேர்த்தால் ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல் காடும் புதரும் குட்டையும். இன்னொரு காரணம் மா. கிருஷ்ணன். 1950இல் தொடங்கி 1996இல் கண்மூடும் வரை, 46 வருஷம் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினவர். அவருக்கு 46 என்றால் எனக்கு ஒன்றாவது தேறாதா? பைனாகுலர் வாங்கினேன். தடி அட்டை போட்ட நோட்டும் வாங்கினேன்.

முதல் குறிப்பு: ‘ஜனவரி 3. குளிர். ஒன்றும் தென்படவில்லை.’ இரண்டாவது: ‘ஜனவரி 4. மேற்படி.’

ஏப்ரலில் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள், ஆறு மாத விசாவில். வந்த மறுநாள் காலை, சாதத்தில் ஒரு கைப்பிடி தயிர் பிசைந்து பின்பக்கத் தோட்டச் சுவரில் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி “கா... கா...” என்றாள். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

முதலில் அணில் வந்தது. ராமர் தடவிக்கொடுத்த நம்மூர் அணில் இல்லை. முதுகில் கோடே இல்லாத, பூனைக்குட்டி அளவுச் சாம்பல் அணில். அம்மா விரட்டினாள். அடுத்து இறங்கியது பச்சைக்கிளி.

“இது எப்படிடா இங்க வந்துச்சு?”

அதைத்தான் லண்டனே கேட்டுக்கொண்டிருக்கிறது. 1951இல் ‘ஆப்பிரிக்கன் குயின்’ படப்பிடிப்பிலிருந்து தப்பியவை என்பார்கள் சிலர். கிடார்க்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கார்னபி தெருவில் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டார் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் கட்டுக்கதை என்று 2019இல் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். 1855லேயே நார்ஃபோக் பக்கம் கிளியைப் பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. கூண்டிலிருந்து அவ்வப்போது நழுவியவை பெருகிவிட்டன, அவ்வளவுதான். எல்லாம் கேட்டுவிட்டு அம்மா, “சீட்டு எடுக்குமா?” என்றாள்.

காக்கா கடைசியில்தான் வந்தது. கழுத்தில் சாம்பல் இல்லாத, முழுக் கறுப்பு ஜாதி. அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கப்பா இவ்வளவு உடம்பு வெக்கலியேடா.” அது யாரையும் கூப்பிடாமல், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, முழுச் சாதத்தையும் தானே தின்றுவிட்டுப் போனது. அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “வெள்ளைக்கார ஊர்ப் பழக்கம். தனியாச் சாப்பிடுது பாரு!”

அம்மா எந்தச் செடியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: கறி வைக்கலாமா? வேலியோரம் தளதளவென்று நின்றதை, கேள்விக்குப் பதில் வருமுன்னே கிள்ளிவிட்டாள். நெட்டில். நம்மூர்ச் செந்தட்டிக்குச் சளைத்ததல்ல. அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு மூதாட்டி அகலமான டாக் இலை ஒன்றோடு ஓடிவந்து, அம்மாவின் கையில் பரபரவென்று தேய்த்தார். கொழுந்தாகப் பறித்துக் கொதிக்கவைத்தால் சுணை போய்விடும், சூப் வைக்கலாம் என்றும் சொன்னார். மறுநாள் அம்மா பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையோடு போய்ப் பறித்துக் கூட்டு வைத்தாள். ருசியில் முருங்கைக்கீரைக்குத் தூரத்துச் சொந்தம்.

அந்த மூதாட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. மேக்பைப் பறவை ஒற்றையாக உட்கார்ந்திருந்தால் அபசகுனமாம். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டால் தோஷம் போய்விடுமாம். “குட் மார்னிங், மிஸ்டர் மேக்பை! வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?” என்று வேலிக்கு அந்தப் பக்கம் அவர் விசாரிப்பதைப் பார்த்து அம்மா கவலைப்பட்டாள். “பாவம், தனியா இருக்காங்க. பறவைகிட்டல்லாம் பேசுறாங்க.” சொல்லிவிட்டுத் திரும்பி, “கா... கா... சீக்கிரம் வாங்க, ஆறிப்போவுது” என்றாள்.

மே மாதம் புல் வெட்டாதீர்கள், பூக்களும் தேனீக்களும் பிழைக்கட்டும் என்று இங்கே ஓர் இயக்கமே நடக்கிறது. என் சோம்பலுக்கு ஒரு கொள்கை கிடைத்தது. டென்னிஸ் கிளப்பில் புல்லை 8 மில்லிமீட்டருக்கு வெட்டுகிறார்கள். என் புல்லில் மாடு கட்டலாம். அந்தக் காட்டிலிருந்துதான் ஒரு சாயங்காலம் ஹெலிகாப்டர் மாதிரி இரைந்துகொண்டு ஸ்டாக் பீட்டில் கிளம்பி, அம்மாவின் காப்பித் தம்ளர் ஓரமாக இறங்கியது. கலைமான் மாதிரிக் கொம்பு வைத்த வண்டு. மண்ணுக்குள் மக்கும் மரத்தைத் தின்று வருஷக்கணக்கில் புழுவாகக் கிடந்துவிட்டு, கடைசிச் சில வாரங்களுக்கு மட்டும் பெண் தேட மேலே வருகிறது. காமன் பாதுகாக்கப்பட்டிருப்பதற்கு இந்த வண்டும் ஒரு காரணம். பொன்வண்டைத் தீப்பெட்டியில் வளர்த்த பரம்பரை அல்லவா? கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. கொம்பே உள்ளே போகாது. “கல்யாணத்துக்குப் போற வண்டுடா, விடு” என்றாள் அம்மா.

ஜூலையில் ஒருநாள் புழுக்கம். நடைபாதை இடுக்கிலிருந்து இறகு முளைத்த எறும்புகள் புகைபோலக் கிளம்பின. 2018இல் இதே கூட்டம் விம்பிள்டன் மைதானத்தில் புகுந்து, இரண்டாம் நிலை ஆட்டக்காரி கரோலின் வோஸ்னியாக்கியின் வாயிலும் முடியிலும் மொய்த்தது. அன்றைக்கு அவர் தோற்றும் போனார். அம்மா, “ஈசல்!” என்று கூவி, விளக்கும் தண்ணீர் வாளியும் கேட்டாள். பொரியோடு வறுத்துத் தின்ற ஞாபகம். இது கறையான் இல்லை அம்மா, எறும்பு என்று புரியவைப்பதற்குள் வாளி நிறைந்துவிட்டது.

ஆகஸ்டில் உழவாரன் குருவிகள் ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டன. அவற்றுக்கு மூன்று மாத விசா. காமனில் பிளாக்பெரி பழுத்தது. செப்டம்பர் 29க்குப் பிறகு பறிக்கக் கூடாது, சாத்தான் துப்பிவிடுவான் என்றார் மூதாட்டி. ராத்திரியில் புளியமரத்தடிக்குப் போகாத அம்மாவுக்கு இது உடனே விளங்கியது. 28ஆம் தேதிக்குள் மூன்று பாட்டில் ஜாம் காய்ச்சிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள்.

நோட்டில் மறுபடியும் ‘குளிர்’, ‘மேற்படி’. தை அமாவாசைக்கு முதல் நாள் போன் வந்தது: “அப்பாவுக்குச் சாதம் வை. கூப்பிடணும், மறந்துடாத.”

வைத்தேன். சுவரில் உறைபனி. சாதத்திலிருந்து ஆவி பறந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் காதிலும் விழாதபடி “கா” என்றேன். அணில் வந்தது, விரட்டினேன். கிளி வந்தது, விரட்டினேன். எதிர்க் கூரையில் காக்கா உட்கார்ந்து என்னையே பார்த்தது. வரவில்லை. ஆவி அடங்கிவிட்டது.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சுத்தமான விம்பிள்டன் உச்சரிப்பில், தெருவுக்கே கேட்கும்படி ஒரு குரல்: “கா... கா...!”

காக்கா இறங்கியது. பின்னாலேயே இன்னொன்றும்.

ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அது சரி. அந்தம்மாவுக்குச் சாதம் குடுத்தியா?”