ஒன்றரை ஷிப்ட் பசி

1992-இல் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். வயது 18. பனியன் கம்பெனியில் கைமடிக்கிற வேலை. காலை எட்டரைக்கு நுழைந்து ஐந்தரைக்கு வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். இரவு ஒன்பது வரை நின்றால் ஒன்றரை. சனிக்கிழமை சம்பளம். கையில் வாங்கியதும் மெஸ் நோட்டில் ஏறியிருக்கும் பற்றைத் தீர்ப்பதுதான் முதல் வேலை.

அந்த மெஸ் அனுப்பர்பாளையத்தில், பாத்திரம் தட்டும் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் இருந்தது. நடத்தியவர் அந்த ஊர் அம்மா. "சாப்பிடுங்க சாமி, வகுறு வாடிக் கெடக்குது" என்று சொல்லி அவர் எனக்கு முதன்முதலில் வைத்தது அரிசியும் பருப்பும். துவரம்பருப்போடு குழைய வெந்த சோறு, மேலே ஊத்துக்குளி நெய். இன்றைக்குக் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுகிறேன். அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. எனக்குப் புளிக்குழம்பு வேண்டும், கருவாடு வேண்டும். "தெக்கத்திப் பசங்களுக்குக் காரமில்லாம எறங்காது போல" என்று அலுத்துக்கொண்டார் அந்த அம்மா. ஆனால் அடுத்த புதன்கிழமையே எங்களுக்கென்று தனியாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். நான் ஊருக்குத் திரும்பி ஓடாததற்கு அந்தக் குழம்பும் ஒரு காரணம்.

எல்லோரும் அப்படி இல்லை. லைன் வீட்டு அறையில் நாங்கள் கருவாடு வறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்றம் தாங்கவில்லை என்று வீட்டுக்காரர் எங்கள் பம்ப் ஸ்டவ்வைத் தூக்கி வாசலில் வைத்தார். ஐந்து பேர் தலைகுனிந்து நின்றோம்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் இன்று சொந்தமாக லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். குடியிருப்பவர்கள் ஒடிசாக்காரர்களும் பீகாரிகளும். கடுகெண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது அவர் போட்டிருக்கும் முதல் நிபந்தனை. "வாடை தாங்கலடா" என்று என்னிடம் அவர் சொன்னபோது, வாசலில் கிடந்த அந்த ஸ்டவ்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தன்பாத்திலிருந்து ஆலப்புழை போகும் ரயில் ராஞ்சி, ரூர்கேலா, சம்பல்பூர், ராயகடா வழியாகத் திருப்பூருக்கு வருகிறது. அன்று எங்களுக்கு மதுரை பஸ் எப்படியோ, இன்று இந்த வடக்கத்தித் தொழிலாளர்களுக்கு இந்த ரயில் அப்படி. வருகிறவர்கள் பசியையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அதனால்தான் ஸ்டேஷனைச் சுற்றியும், காதர்பேட்டைச் சந்துகளிலும், 15 வேலம்பாளையத்திலும் இப்போது இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிய பலகைகளோடு சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள்.

ஒரு கடையில் லிட்டி தின்றேன். வறுத்த கடலை மாவை வெங்காயம், பச்சைமிளகாய், ஓமத்தோடு பிசைந்து கோதுமை உருண்டைக்குள் வைத்து, கரி நெருப்பில் சுட்டுத் தருகிறார்கள். தொட்டுக்கொள்ள, சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் சேர்த்துப் பிசைந்த சோக்கா. எங்கள் அப்பத்தா அடுப்புத் தணலில் கத்தரிக்காய் சுட்டுப் பிசைவாளே, அதே கைப்பக்குவம். ஒடியாக்காரர் கடையில் டால்மா: பருப்போடு பப்பாளிக்காயும் வாழைக்காயும் சேர்ந்து வெந்தது. நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்வேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அங்கே பகாளா கொடுத்தார்கள். முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்தது. கூடவே பொரித்த மீன், பிசைந்த உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம். நம் பழைய சோறேதான். பூரி ஜெகந்நாதருக்கே அதைப் படைக்கிறார்கள். ஒடிசாவில் மார்ச் 20-ஐப் பகாளா நாளாகவே கொண்டாடுகிறார்கள். நம் கல்யாணப் பந்தியில் தயிர்சாதத்தைப் பகாளாபாத் என்று சொல்வதுண்டு, அந்த நினைப்பும் வந்தது. பழைய சோறு தின்பதை வெளியே சொல்ல நாம் கூச்சப்படத் தொடங்கிய காலத்தில், ஒருவர் அதைத் தட்டில் வைத்துப் பெருமையாகப் பரிமாறுகிறார்.

2020 ஊரடங்கில் இந்தப் பிள்ளைகள் சிறப்பு ரயில்களில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் இல்லாமல் மிஷின்கள் நின்றன. 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோதும் பயந்து பலர் கிளம்பினார்கள். அப்போது என் வீட்டுத் தெருமுனையில் லிட்டி சுடும் பையனிடம் போய், "நீ போகாதே தம்பி, நாங்க இருக்கோம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். போகவில்லை, இருந்தான்.

ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பினோ பெண்கள் ஞாயிறுதோறும் சென்ட்ரல் பகுதியில் கூடி, நடைபாதையில் அட்டை விரித்து, தங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்பார்கள். காதர்பேட்டையின் ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். வாரம் முழுக்க மிஷினைப் பார்த்த கண்கள் அன்று ஒருநாள் ஊர்க்காரன் முகத்தைப் பார்க்கின்றன.

திருப்பூரில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்களை அங்கேதான் அனுப்புகிறேன். உங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் கடுகெண்ணெயில் தாளித்தால், கதவைச் சாத்தாமல் ஒரு வாய் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். கடைக்குப் போவதென்றால் ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். ஒன்றரைக்கெல்லாம் மீன் தீர்ந்துவிடும்.