ஊருக்குத் தெரியாமல் கொடுக்கும் வள்ளலுக்கு

பெறுநர்: சட்டப்பணிகள் ஆணைக்குழு, தேசிய அளவிலிருந்து வட்டம் வரையுள்ள எல்லா அலுவலகங்களும்.

பொருள்: தங்கள் தர்மம் வெளியே கசிந்துவிடாமல் காக்கப்படுவது தொடர்பாக.

பார்வை: அரசியலமைப்பின் உறுப்பு 39அ, 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம்.

மதிப்பிற்குரிய ஆணைக்குழுவுக்கு,

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். தங்கள் கொடையோ, வாங்க வேண்டியவருக்கே தெரிவதில்லை. அந்தத் தன்னடக்கத்தைப் பாராட்டத்தான் இம்மடல்.

சனிக்கிழமை இரவு போலீஸ் பிடித்துப்போகும் ஒரு கட்டடத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோர்ட் இல்லை. ஆகவே நடுவரின் வீட்டு வாசல். “ஏதாவது சொல்லணுமா?” “இல்லீங்கய்யா.” 15 நாள் ரிமாண்ட். தனக்காகப் பேச ஒரு வக்கீல் உண்டு, அவருக்குப் பத்துப் பைசா தர வேண்டியதில்லை என்பது அந்த ஆளுக்குச் சிறைக்குள் பக்கத்தில் படுத்திருப்பவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் வெளியே மனைவியின் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவோ, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி உண்டு என்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. இவ்வளவு தாராளமான சட்டத்தை இவ்வளவு கமுக்கமாக வைத்திருக்கத் தனித் திறமை வேண்டும்.

இந்தத் திறமைக்கு முன்னோடிகள் உண்டு. பீகாரின் பாகல்பூரில் விசாரணைக் கைதிகளின் கண்களைக் குத்தி, ஆசிட் ஊற்றிக் குருடாக்கினார்கள் போலீஸார். அந்த வழக்கு 1981இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது இன்னொரு சங்கதியும் வெளிப்பட்டது: கீழமை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது அவர்களுக்கு வக்கீல் தரப்படவில்லை. ஏன்? அவர்கள் கேட்கவில்லையாம்! எழுதப் படிக்கத் தெரியாத ஏழை, கண்ணும் போன பிறகு, அரசியலமைப்பை மேற்கோள் காட்டி மனுப் போட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது. இலவச வக்கீல் உண்டு என்பதை நடுவரே சொல்ல வேண்டும், அதுவும் முதன்முறை நிறுத்தும்போதே சொல்ல வேண்டும் என்றார் நீதிபதி பி.என்.பகவதி. பணமில்லை என்று மாநில அரசு கை விரிக்க முடியாது என்றும் சொன்னார்.

ஐந்தாண்டு கழித்து அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து அதே கதை. வக்கீல் இல்லாமலே விசாரித்து, ஓர் உதவிப் பொறியாளரை மிரட்டியதாக ஒருவருக்கு இரண்டாண்டு சிறை. அவர்தான் விண்ணப்பிக்கவில்லையே, அதனால் விசாரணையில் குறையில்லை என்றது உயர் நீதிமன்றம். 1986இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பிறகு 2012இல், மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாப் தீர்ப்பிலும், வக்கீல் உரிமையை நடுவரே சொல்ல வேண்டும் என்பதை மீண்டும் எழுதியது. அப்படிச் சொல்லத் தவறும் நடுவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சேர்த்தது.

சரி, வக்கீல் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவில் 2013இல் கிடைத்தார். மரண தண்டனை வரை போகக்கூடிய வழக்கு. அவரை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. வாய்தா வாய்தாவென்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும் நாட்டில் என்ன வேகம்! இப்படிப்பட்ட வழக்குகளில் தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது கொடுங்கள், பத்தாண்டு அனுபவமுள்ளவரைப் போடுங்கள் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆணைக்குழு சும்மா இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. 1995 நவம்பர் 9இல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறீர்கள். பேரணி, பேனர், பொன்னாடை, கல்லூரிகளில் விழிப்புணர்வு முகாம். அந்த மாணவர்களில் எத்தனை பேரை அடுத்த திங்கட்கிழமை ரிமாண்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பதுதான் விளங்கவில்லை. கேலி வக்கீல்கள் மீது அல்ல. குற்ற வழக்குகளுக்கென்றே முழுநேர வக்கீல்களை அமர்த்தும் திட்டத்தை 2022இல் கொண்டுவந்தீர்கள், நல்ல காரியம். ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று லாக்கப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் சொல்வது?

இலவசச் சட்ட உதவியைச் சொல்லும் உறுப்பு 39அ 1976இன் திருத்தத்தால் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 2024 அக்டோபரில், காவல் நிலையம், தபால் நிலையம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் எங்கும் சட்ட உதவி பற்றிப் போர்டு வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெட்டிக் கடைக்காரர் கடை திறந்த அன்றே செய்வது இது.

அந்தப் போர்டை ஆய்வாளர் அறைச் சுவரில் மாட்டிவிடாதீர்கள். பிடித்துவந்தவரை உட்காரவைக்கும் பெஞ்சுக்கு எதிரே மாட்டுங்கள். கைதானவரின் வீட்டுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்தப் போனிலேயே இன்னும் ஒரு வரி சொல்ல ஏட்டய்யாவுக்கு உத்தரவிடச் சொல்லிக் காவல் துறைக்கு எழுதுங்கள்: “15100க்குப் பேசும்மா, வக்கீல் வருவாரு, காசு கேக்க மாட்டாங்க.” ரிமாண்ட் உத்தரவில், வக்கீல் உரிமையைச் சொன்னாயிற்று என்று நடுவர் தம் கையாலேயே ஒரு வரி எழுதட்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் கொடையைத் தற்செயலாகக் கேள்விப்பட்டவர்கள்

நகல்: வாசகர்களுக்கு. 15100 என்ற சட்ட உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளவும். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.