கை தவறி நின்ற நடுக்கம்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ஆதாரம் ஆறே பேர். அதிலும் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள்; ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்றைக்கு இப்படியொரு ஆய்வேட்டைக் கொண்டுபோனால் வழிகாட்டிப் பேராசிரியர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஆனாலும் மனிதரின் கண் கூர்மை. நோயை அவர் வர்ணித்த விதம் இன்றும் நிற்கிறது. வைத்தியம்தான் உதைக்கிறது: பிடரியில் ரத்தம் எடு, பிறகு கொப்புளம் எழுப்பிச் சீழ் வடிய விடு.

நோய்க்கு அவர் பெயரையே சூட்டிய பாரிஸ் மருத்துவர் ஷார்கோ ஒரு படி மேலே போனார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் நெடுந்தூரம் குலுங்கி வந்த நோயாளிகள், இறங்கியதும் உடம்பு தேவலை என்றார்களாம். விட்டாரா? குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்யச்சொல்லி, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களை அதில் உட்காரவைத்து மேலும் ஆட்டினார். நூறாண்டுக்கும் மேல் கழித்து அதை முறையாகச் சோதித்தபோது, ஆடாத நாற்காலியில் சும்மா சாய்ந்திருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே சுகம்தான்.

பிறகு கத்தி வந்தது. 1930களில் மூளையின் இயக்கப் புறணியையே வெட்டிப் பார்த்தார்கள். நடுக்கம் போயிற்று, கூடவே கையின் வலுவும் போயிற்று. அசையாத கை எப்படி நடுங்கும்?

நம் கதாநாயகர் நியூயார்க்கின் இர்விங் கூப்பர். 1952இல் ஒரு நோயாளியின் மூளைக்குள் ஒரு நரம்புப் பாதையை வெட்டப் போனவர், கை தவறி ஒரு ரத்தக்குழாயைக் கிழித்துவிட்டார். பதறிப்போய்க் குழாயைக் கட்டி, வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தலையை மூடினார். நோயாளி கண் விழித்தார். நடுக்கமும் இல்லை, விறைப்பும் இல்லை, பக்கவாதமும் இல்லை! வேறொருவராயிருந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். கூப்பரோ அடுத்தடுத்த நோயாளிகளுக்கு அதே குழாயை வேண்டுமென்றே கட்டினார். சிலர் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் மூளைக்குள் ஆல்கஹால் செலுத்தினார், அதற்கப்புறம் திரவ நைட்ரஜனால் உறையவைத்தார். முதலில் சரக்கு, பிறகு ஐஸ். வரிசையில் குறை சொல்ல முடியாது. நன்றாகக் குணமான ஒருவர் பின்னாளில் இறந்தபோது மண்டையைத் திறந்து பார்த்தால், குறிவைத்த இடம் ஒன்று, அழிந்த இடம் வேறு: தலாமஸ் என்ற மூளைப் பகுதி. அன்றிலிருந்து குறியே தலாமஸ்தான்!

1960களின் கடைசியில் லெவோடோபா மாத்திரை வந்து அறுவை அரங்குகளைக் காலியாக்கியது. சில வருஷங்களில் மாத்திரையே உடம்பை நெளியவைக்க, பழைய துளைக்கருவிகளைத் தூசி தட்டினார்கள்.

1987. பிரான்சின் கிரெனோபிள் நகரம். அறுவை மருத்துவர் அலிம் லூயி பெனாபிட் வழக்கம்போலத் தலாமஸில் ஒரு புள்ளியைச் சுட்டுப் பொசுக்கப் போகிறார். மூளைக்கு வலி தெரியாது. நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார். ஊசி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்கக் கொஞ்சம் மின்சாரம் விடுவது வாடிக்கை. அலைவெண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தார். நொடிக்கு நூறைத் தொட்டதும் கை சட்டென்று நின்றது. இழுத்துப் பிடித்துக்கொண்டதோ என்று பயந்து நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டாராம். மின்சாரத்தை நிறுத்தினார், நடுக்கம் வந்தது, விட்டார், போனது. சுட்டுவிட்டால் சுட்டதுதான், இதையோ வேண்டும்போது நிறுத்தலாம். அப்படியானால் எதற்குப் பொசுக்க வேண்டும், கம்பியை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன?

விட்டார். இன்று அந்தக் கம்பி காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி, நெஞ்சில் பதித்த பேட்டரிப் பெட்டியில் சேர்கிறது. நொடிக்குச் சுமார் 130 துடிப்பு. அமெரிக்கா 1997இல் நடுக்கத்துக்கு அனுமதி தந்தது. பார்க்கின்சனின் மற்றத் தொந்தரவுகளுக்கு 2002இல். அது ஏன் வேலை செய்கிறது என்று நரம்பியலாளர்கள் இன்னமும் மல்லுக்கு நிற்கிறார்கள். நோயாளிக்கு வேறு கவலை: விமான நிலையத்தில் மண்டைக்குள் கம்பி, நெஞ்சில் பேட்டரி என்றால் எந்தக் காவலர் விடுவார்? அதற்கென்றே மருத்துவமனையில் ஒரு அடையாள அட்டை கொடுக்கிறார்கள்.