ஒட்டகத்துக்கு எதுக்குடா நாலு இன்ச்சு லிஃப்டு?

மாப்ள, ஹைலக்ஸுக்கு நாலு இன்ச்சு லிஃப்டு அடிக்கப் போறியாமே. உங்கம்மா போன் போட்டுப் புலம்புறா. "புலம்பாத தங்கச்சி, புள்ள ஒசந்துக்கிட்டே போறான், சந்தோசப்படு"ன்னு சொல்லி வச்சேன். பிரிக்ஃபீல்ட்ஸ்ல துன் சம்பந்தன் ரோட்டு ஜாம்ல மத்தவன் எல்லாம் முன்வண்டி பம்பரைப் பாத்துக்கிட்டு நிப்பான். நீ கூரையைப் பாத்துக்கிட்டு நிப்ப. நிக்கிறது என்னவோ ரெண்டு பேரும்தான்.

என்னடா காரணம்னு கேட்டா, கம்பெனி மஸ்கட்டுக்கு அனுப்புது, அங்க வஹீபா மணல்ல வண்டி ஓட்டணும், அதுக்கு இப்பவே தயாராகுறேன்ங்கிற. பலே! ஓமான்ல ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுறாங்க, ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கு. நீ பிளேன் ஏறிடுவ. உன் வண்டி கிள்ளான்ல எங்க வீட்டு வாசல்ல நாலு இன்ச்சு ஒசரத்துல நின்னு உனக்காக ஏங்கும். கோழி அடைய நல்ல நிழல், நான் வேணாம்னு சொல்லல.

ஆனா அங்க போயும் ஒரு வண்டி வாங்கத்தானே போற. அதுக்காகக் கொஞ்சம் காது குடு. தோட்டத்து லோரியில செம்பனைக் குலை ஏத்தி எறக்கினவன் சொல்றேன், யூடியூப்காரன் அளவுக்குத் தெரியாதுதான்.

லிஃப்டு போட்டா வண்டி எங்க ஒசரும்னு எப்பவாவது குனிஞ்சு பாத்தியா? சேசிஸ் ஒசரும், பாடி ஒசரும், உன் சீட்டு ஒசரும். பின்னால அச்சு நடுவுல தொங்குதே டிஃபரன்ஷியல் குண்டு, அது ஒரு நூல்கூட ஒசராது. அதைத் தூக்குறது பெரிய டயர் மட்டும்தான். கல்லுல மொத மோதுறது அந்தக் குண்டுதான், மாப்ள. முன்பக்கம் இன்னும் கூத்து. ரெண்டு இன்ச்சுக்கு மேல தூக்கினா சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாஃப்ட்டோட ஜாயிண்டு கோணலா நின்னு சுத்தும், ரப்பர் பூட்டு கிழியும், அலைன்மென்டு பிடிக்க மேல் ஆர்மையும் மாத்துன்னு ஃபோர்மேன் சொல்லுவான். பாவம், அவனுக்கும் புள்ளைக்குட்டி இருக்கு. அனுமதி இல்லாம வண்டி ஒசரத்தை மாத்தினா ஜேபிஜேக்காரன் சம்மன் குடுப்பான், அவனையும் சந்தோசப்படுத்தின புண்ணியம் உனக்கு.

டக்கார் ராலியில ஹைலக்ஸ் ஜெயிச்சதேன்னு நீ வாயைத் தொறக்குறது தெரியுது. ஜெயிச்சுச்சு. 2019ல பெருவுல நாசர் அல் அத்தியா ஓட்டி, டொயோட்டாவுக்கு டக்கார்ல மொத வெற்றி. அப்புறம் 2022, 2023 ரெண்டு வருசமும் சவூதியில. அந்த வண்டியோட அடிச்சட்டம் பைப்பு, டயர் 2022லேருந்து 37 இன்ச்சு, சக்கரம் மேலயும் கீழயும் 350 மில்லிமீட்டர் ஆடும். பின்னால உன் வண்டி மாதிரி பட்டை ஸ்பிரிங்கே கெடையாது. பேரு ஒண்ணா இருந்தா ஒறவா? நம்ம தெருவுல நாலு ரஜினி இருக்கானுங்க.

உண்மையா காசு போட வேண்டிய எடம் அப்சார்பர். பாலைவனம்னா சும்மா மணல்மேடு இல்ல, அங்க போய்ச் சேர்ற மண்சடக்கு மைல் கணக்குல நெளிநெளியா வரிபோட்டுக் கெடக்கும். அதுல சக்கரம் நிமிசத்துக்கு நூத்துக்கணக்குல குதிக்கும். அப்சார்பர் உள்ள இருக்கிற எண்ணெய் அந்தக் குதியை எல்லாம் சூடா மாத்தி வாங்கிக்குது. சூடு ஏற ஏற எண்ணெயில காத்து கலந்து நொரைக்கும். நொரையை அமுக்க பலம் எதுக்கு? அப்சார்பர் செத்துப்போகும், வண்டி வளைவுல தன் பாட்டுக்குத் துள்ளிக்கிட்டுப் போகும். அதனாலதான் ஒத்தைக் குழாய் கேஸ் அப்சார்பர்னு ஒண்ணு. நைட்ரஜன் ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம், நடுவுல மிதக்கிற பிஸ்டன். ரெண்டும் கலக்காது, சூடும் குழாய் வழியா நேரா வெளிய போயிரும். வெளிய தனி டப்பா வச்சதுன்னா எண்ணெயும் அதிகம், ஆறவும் எடம் அதிகம். குறை என்னன்னா, கல்லு பட்டு அந்த ஒத்தைக் குழாய் நசுங்கினா ஆட்டம் முடிஞ்சுது. ரெட்டைக் குழாய்க்காரன் வெளிக்குழாய் நசுங்கியும் வீடு வந்து சேருவான். எது வேணும்னு நீ ஓட்டப்போற எடத்தைப் பாத்து முடிவு பண்ணு, பளபளப்பைப் பாத்து இல்ல.

ஸ்பிரிங்குக்கு ஒரே கேள்வி, தினம் எவ்வளவு எடை ஏத்துவ? 300 கிலோ தாங்குற பட்டையைப் போட்டுட்டு, பின்னால ஒரு டென்டு, ஒரு அரிசிக்குக்கரு, உன் பொண்டாட்டியோட ஒரு பை மட்டும் வச்சா, வண்டி ஒவ்வொரு பள்ளத்துலயும் உன்னை ஒதறிப் பாக்கும். தோட்டத்து லோரி காலியா வரும்போது கிளீனருக்கு ஏன் முதுகு வலின்னு நெனைக்கிற?

இப்ப டயருக்கு வருவோம். தவுக்கே கடையில அந்த முரட்டு மட் டயரைத் தடவிப் பாத்துட்டு வந்தியாமே. கட்டை கட்டையா பல்லு, சேத்துக்குன்னே செஞ்சது. கேரித் தீவுப் பக்கம், பந்திங் பக்கம் மழையில களிமண்ணு ஒட்டுமே, அங்க அது ராசா. 1997லேருந்து நடக்கிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்சுக்காரன் மழைக்காலமாப் பாத்துக் காட்டுக்குள்ள போறானே, அவன் போடுறது சரி. மணல்ல அதே பல்லு மம்பட்டி வேலை பாக்கும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கும். மணலுக்குன்னு மிஷெலின்காரன் செஞ்ச எக்ஸ்எஸ் டயரைப் பாத்தா வழுக்கையா இருக்கும், நீ பழைய டயர்னு தூக்கிப் போட்டிருப்ப. ரோடு, கல்லு, மணல் மூணும் கலந்து ஓட்டுறவனுக்கு ஆல் டெர்ரெய்ன் போதும். ரிம்மு 17 இன்ச்சு. 20 இன்ச்சுக்கு ஆசைப்படாத, அதுல டயருக்கு வயிறே இருக்காது, பிதுங்குறதுக்கு.

பிதுங்கணும்டா, அதுதான் சூட்சுமம். ஒட்டகத்துக்கு யாரு லிஃப்டு போட்டா? அது பாதத்தை விரிச்சு வச்சு மணல் மேல நடக்குது. டயர்ல காத்தை எறக்கினா அதே வேலை. ரோட்டுல 30, 35 பிஎஸ்ஐ இருக்கிறதை மணல்ல 15 பக்கம் கொண்டாந்தா, தரையில படுற தடம் நீளமாகும், எடை பரவும், வண்டி மெதக்கும். மாட்டிக்கிட்டா 10, 12க்கு எறக்கி மெதுவா வெளிய வா. அந்தக் காத்துல வேகமா திருப்பினா டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். பிரேக்கு அமுக்கி நிறுத்தாத, முன்னால மணல் மேடு கட்டிரும். காலை எடு, அதுவா நிக்கும். எறக்கமாப் பாத்து நிறுத்து. மேட்டுல ஏறினாலும் எறங்கினாலும் நேரா. குறுக்கே போனேன்னா உருண்டுட்டுதான் எந்திரிப்ப. இதுக்கெல்லாம் எவ்வளவு செலவு? ஒரு பிரஷர் கேஜ்.

பேக்னால்டுன்னு ஒரு வெள்ளைக்கார ராணுவத்தான், 1920கள்ல எகிப்துலேருந்து லிபியப் பாலைவனத்துக்குள்ள சாதா ஃபோர்டு வண்டியில போனவன். டயர்ல காத்தைக் குறைச்சான், பொதைஞ்சா சக்கரத்துக்கு அடியில இரும்புத் தகடு போட்டான், ரேடியேட்டர் ஆவியைப் பிடிச்சு மறுபடி தண்ணியாக்கினான். மணல் எப்படி நகருதுன்னு 1941ல அவன் போட்ட புத்தகத்தை நாசாக்காரன்கூடச் செவ்வாய்க் கிரகத்து மணலுக்காகப் புரட்டிப் பாத்தான். அவன் வண்டியில எங்க தேடினாலும் ஸ்டிக்கர் இருக்காது.

டயர் வாங்குறப்ப பக்கச்சொவத்துல நாலு எண்ணு தேடு. 2324ன்னா 2024ஆம் வருசம் 23ஆவது வாரம் செஞ்சது. கெழட்டு டயரும் வேணாம், செலூப் டயரும் வேணாம். ஓமான் சூட்டுக்கு ஒட்டின பட்டை உரிஞ்சு பின்னாடி வர்றவன் கண்ணாடிக்குப் போகும். பெரிய டயர்ல இன்னும் கித்தாப் பால் நெறைய கலக்குறான் தெரியுமா? ஓட்டத்துல கம்மியா சூடாகும், வெட்டுப்பட்டாலும் சட்டுன்னு கிழியாது. உன் பாட்டி இருட்டுல எந்திரிச்சு விளக்கைத் தலையில கட்டிக்கிட்டு வெட்டின சாமானு. அதை மதிச்சு வாங்கு. சைஸை ஏத்தினா மீட்டரும் பொய் சொல்லும்: 265/60 ஆர்18ஐ எடுத்துட்டு 285/70 ஆர்17 போட்டா, மீட்டர் 100 காட்டுறப்ப வண்டி கணக்குக்கு 107ல போகும். கேமராவுக்கு உன் டயர் கதை தெரியாது.

ஒசரமான வண்டிக்காரப் பசங்களை நான் ஒரேயடியா நக்கல் பண்ணல. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா முங்கினப்ப, ஃபோர்பைஃபோர்காரனுங்க சோத்துப் பொட்டலத்தோட வந்து நின்னானுங்க. அதுக்காக வேணும்னா ரெண்டு இன்ச்சு ஏத்திக்க, அம்மாகிட்ட நான் பேசுறேன்.

பழகணுமா? பெஸ்தாரி ஜெயா பக்கம் பழைய ஈயக்கம்பத்து மணல்காடு கெடக்கு. எடத்துக்காரன்கிட்ட கேட்டுட்டுப் போ, தனியாப் போகாத. வெள்ளை மணல் நம்ம பய, நம்பலாம். சாம்பல் நெறத்துல காய்ஞ்சு வெடிச்ச தரை இருந்தா கிட்டப் போகாத. மேல ஓடு, கீழ குழம்புச் சேறு, ஹைலக்ஸை முழுசா முழுங்கிட்டு ஏப்பம் விடும். விடியக்காலமே போ, ஈர மணல் கெட்டியா நிக்கும். திரும்பித் தார்ச்சடக்கு ஏறுறதுக்கு முன்னால நாலு டயருக்கும் காத்தை ஏத்திரு. 15லயே கெசாஸ் ஹைவேயில பறந்தேன்னா பக்கச்சொவரு மடங்கி மடங்கிச் சூடாகி வெடிக்கும். அதுக்கு 12 வோல்ட் கம்ப்ரசர் ஒண்ணு வேணும். என்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்கு. தரமாட்டேன். போன தடவை கொண்டுபோன ஜேக்கே இன்னும் திரும்பி வரல.