சட்டத்துக்கு மட்டும் லீவு

தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு. அன்றும் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். இல்லையேல் அன்றைய கூலியோடு இன்னொரு நாள் லீவு. தங்கமான சட்டம். தங்கத்தை யாராவது தினமும் வெளியே எடுப்பார்களா?

சுதந்திர தினத்தன்று தி.நகர் ஜவுளிக்கடை எதிலாவது நுழையுங்கள். வாசலில் மூவர்ண பலூன், 'அதிரடித் தள்ளுபடி' பேனர். உள்ளே, சீருடைச் சேலையில் காகிதக் கொடியைக் குண்டூசியால் குத்திக்கொண்டு, மடித்ததைப் பிரித்து, பிரித்ததை மடித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். ஆமாம், நிற்கிறாள். கடை ஊழியர் உட்கார இருக்கை போடச் சொல்லி 2021-இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. சுதந்திரம் 1947-இல் வந்துவிட்டது. ஸ்டூல் வரத்தான் இன்னும் 74 ஆண்டு பிடித்தது.

மறுநாள் பேப்பரில் பெட்டிச் செய்தி: 'விடுமுறை அளிக்காத நிறுவனங்கள் மீது நடவடிக்கை.' வருடம் தவறாமல் வரும். எண்ணிக்கை மட்டும் மாறும். லீவைக் காப்பாற்றச் சோதனைக்குப் போன அலுவலருக்கும் அன்று லீவு போனதுதான் மிச்சம்.

மே தினமோ நம் சொந்தப் பெருமை. 1923-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக அதைச் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும், மே 1 அன்று மே தினப் பூங்காவிலேயே வாபஸ் அறிவிப்பு. கழுத்தை நெரித்த கையை எடுத்ததற்கும் கைதட்டு!

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விடாதே என்று பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். நீதிமன்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போனது. தொழிற்சங்கம் வளர்த்த திரு.வி.க.வின் பெயரில் மண்டலம். சங்கம் வைத்துக் கேட்டவர்களுக்கு போலீஸ் வேன். 15-ஆம் தேதி கோட்டையில் கொடி ஏறியது, மிட்டாயும் கொடுத்தார்கள்.

அக்டோபர் 2 வந்தால் பிரமுகர்கள் புதுத் துடைப்பத்தோடு இறங்குவார்கள். ஏற்கெனவே பெருக்கிய இடத்தை இன்னொரு முறை பெருக்குவார்கள். கேமரா போனதும் துடைப்பம் பழைய கைக்கே திரும்பிவிடும். அந்தக் கைக்கு லீவு கேட்டால் காந்தியே கோபித்துக்கொள்வார் போல.

ஆட்சியைத் திட்டியாயிற்று, அதிகாரியைத் திட்டியாயிற்று. சம்பளத்தோடு லீவு வாங்கிக்கொண்டு, காலையில் டி.வி.யில் கொடியேற்றம் பார்த்துவிட்டு, மாலையில் குடும்பத்தோடு தள்ளுபடிக்குக் கிளம்பும் நம்மை யார் திட்டுவது? லீவு நாளில் ஏன் கடையைத் திறக்கிறீர்கள் என்று முதலாளியைக் கேட்டுப் பாருங்கள். "நீங்க வர்றீங்களே சார்" என்பார். தொழிலாளர் விஷயத்தில் அவர் பொய் சொல்லாத ஒரே இடம் அதுதான்.