மனு வந்தால் வறுமையும் வரும்

பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டு மனு போட்ட மறுநாளே சில அப்பாக்கள் ஏழையாகிவிடுகிறார்கள். கார் தம்பி பெயருக்குப் போகிறது, கடை அம்மா பெயருக்கு. வருங்கால வைப்பு நிதியில் திடீர் பக்தி பிறந்து, பிடித்தமெல்லாம் போகக் கையில் நிற்பது டீக்காசு. (2001 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உச்சவரம்பே மாதம் 500 ரூபாய்தான்; அன்றைய அப்பாக்களுக்கு இவ்வளவு நடிப்பு தேவைப்படவில்லை.) 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரச் சொன்னது. வேலையே இல்லை என்பவருக்கும் 2022இல் பதில் வந்தது: உடம்பு திடமாக இருந்தால் உடலுழைப்பு செய்தாவது கொடுக்க வேண்டும். ஆகவே இப்போது வருமானச் சான்றோடு முதுகுவலிச் சான்றும் தாக்கலாகிறது.