கோயில் மேடையில் கீபோட் வாசிக்கப் போகிறவருக்கு

வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலோ, புதூர் நாகதம்பிரானோ, வன்னியில் எங்காவது ஓர் இசைக்கோஷ்டியில் கீபோட் வாசிக்க அழைப்பு வந்துவிட்டதா? முதலில் கீபோட்டை மாற்றுங்கள். வாசிப்பை மாற்றுவதைவிட அது சுலபம்.

கடையில் போய் 16 பிட்டா, 24 பிட்டா என்று கேளுங்கள். கடைக்காரருக்கும் விளங்காது, உங்களுக்கும் விளங்காது, விலை மட்டும் இருவருக்கும் விளங்கும். 1988இல் வந்த கோர்க் எம்1 தன் ஒலிகள் எல்லாவற்றையும் 4 எம்பிக்குள் அடக்கி வைத்திருந்தது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வாங்கி வந்ததை வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குக் கொடுங்கள். பாஸ் அதற்குள் இறங்காது, உச்சியில் உள்ள மினுக்கமும் வெளியே வராது. நடுவில் மிஞ்சுவதற்குப் பழைய எம்1 தாராளமாகப் போதும்.

அடுத்தது நாதஸ்வரம். 1991இல் கம்பனிகள் ஒத்துக்கொண்ட ஜெனரல் மிடி பட்டியலில் 128 ஒலிகள் உண்டு. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, உடுக்கும் இல்லை. 112இல் ஷெனாய் இருக்கிறது. அதையே நாதஸ்வரம் என்று அறிவிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். 110 பாக்பைப், ஆகவே எண்ணை அழுத்தும்போது கவனம். கடைசிப் பக்கத்துக்குப் போகவே வேண்டாம்: 126 ஹெலிகொப்டர், 128 துப்பாக்கிச் சத்தம், இரண்டுக்கும் நடுவில் 127 கைதட்டல். பட்டியல் போட்டவர்கள் வன்னியில் இருந்தவர்கள் அல்ல.

சாம்ப்ளர் வைத்திருப்பவருக்கு வேறு வழி உண்டு. நாதஸ்வரக்காரரிடம் ஒரேயொரு சட்ஜம் வாங்கிப் பதிந்து, அதையே கட்டை முழுவதற்கும் இழுங்கள். பழைய சாம்ப்ளரில் ஒரு ஸ்தாயி மேலே போனால் பதிவு இரட்டை வேகத்தில் ஓடும், அவர் மூச்சில் இருந்த அசைவும் கூடவே ஓடும். கீழ் ஸ்தாயியில் அதே மனிதர் நித்திரை கொள்வார்.

கமகத்துக்குப் பிச் வீல் இருக்கிறது. கம்பனி அனுப்பும்போது அது மேலே இரண்டு அரைச்சுரமும் கீழே இரண்டு அரைச்சுரமும் போகும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைய அந்தத் தூரம் சரியாகப் போதும். ஆனால் விரலை எடுத்ததும் வீல் ஸ்பிரிங்கில் துள்ளி நடுவுக்கு வந்து, நேர்க்கோடு போட்ட காந்தாரத்தில் நிற்கும். தோடியில் யாரும் நிற்காத இடம் அது. அதே சனலில் கோர்ட் ஒன்றையும் பிடித்திருந்தால் அதுவும் சேர்ந்து தள்ளாடும். அதை ‘பியூஷன்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

சத்தம் சரியில்லை என்று யாராவது வயதானவர் முறையிட்டால் பயப்பட வேண்டாம். 1990களில் பற்றறிக்குத் தடை இருந்த நாட்களில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் இது. சில்லு மெதுவானால் பாட்டு மங்குவதையும், அந்த மங்கலுக்குள்ளும் பாடகர் யாரென்று பிடிப்பதையும் பழகிய காதுகள் அவை. ‘ஜெனரேற்றர் கோளாறு ஐயா’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர்களிடம் அது எடுபடாது.

பூசை முடிந்து மேளகாரர் மேடைப்பக்கம் வந்து, “தம்பி, அது என்ன வாத்தியம்?” என்று கேட்டால், வயரைச் சரிசெய்வதுபோல் உடனே மேசைக்குக் கீழே குனிந்துவிடுங்கள்.